நிறம் போனாலும் உப்பு போகாது

பள்ளிபாளையம் பக்கம் காவிரியில சாயக்கழிவு கலந்தா, செய்தியில வர்றது நிறம் மாறுன தண்ணியோட போட்டோ. அதிகாரிகள் வருவாங்க, அனுமதி இல்லாத சாயப்பட்டறைக்கு கரண்ட் கட் பண்ணுவாங்க. செய்தி அதோட முடிஞ்சிடும். ஆனா போட்டோவுல தெரியாத ஒண்ணு இருக்கு: உப்பு.

பருத்தியில ரியாக்டிவ் சாயம் ஏறணும்னா நிறைய உப்பு போடணும். சாயம் பெரும்பாலும் நூல்ல ஒட்டிக்கும். உப்பு ஒட்டாது, கழிவுநீரோட போயிடும். குளோரின் போட்டு நிறத்தை எடுத்தாலும் உப்பு அப்படியேதான் இருக்கும். அதைப் பிரிக்க ஆர்.ஓ.வும், ஆவியாக்குற இயந்திரமும் வேணும், செலவு அதிகம். கழிவை வெளியே விடக்கூடாதுங்கிற நிபந்தனையை நிறைவேத்தாததாலதான் 2011 ஜனவரியில திருப்பூர் சாய ஆலைகளை மூடச் சொல்லி சென்னை உயர் நீதிமன்றம் உத்தரவு போட்டுச்சு.

அதனால நிருபர் கேட்க வேண்டியது டி.டி.எஸ். அளவு, அதாவது ஒரு லிட்டர் தண்ணியில கரைஞ்சிருக்கிற உப்புகளோட எடை. குடிநீருக்கு இந்திய தர நிர்ணய அமைவனம் சொல்றது 500 மில்லிகிராம். வேற தண்ணியே இல்லைன்னா 2,000 வரைக்கும். மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்துகிட்ட தகவல் உரிமைச் சட்டத்துல கேட்டா 30 நாளுக்குள்ள பதில் தரணும். சாம்பிள் எங்க, எந்த மாசம் எடுத்ததுன்னும் கேளுங்க. ஆத்துல வெள்ளம் போறப்ப எல்லா அளவும் நல்லாத்தான் தெரியும். குடிக்கிறவங்களுக்கு கோடையில எடுத்த அளவுதான் முக்கியம்.