அந்தப் பச்சை மேட்டுக்குப் பின்னால்!

பிரவுசிங் சென்டரின் பலகைத் தடுப்புக்குள் உட்கார்ந்து, கம்ப்யூட்டர் உயிர்பெறும்வரை பார்த்துக்கொண்டே இருப்போமே, அந்தப் படம் ஞாபகமிருக்கிறதா? பச்சைப் பசேலென்று ஒரு புல்மேடு, மேலே கண்ணைப் பறிக்கும் நீலம், பஞ்சைப் பிய்த்துப் போட்டாற்போல மேகங்கள். விண்டோஸ் எக்ஸ்பியின் முகப்புப் படம்! அது கம்ப்யூட்டரிலேயே வரைந்தது என்று அடித்துச் சொன்ன நண்பர்கள் எனக்கு உண்டு. நானும் நம்பிக்கொண்டிருந்தேன்.

இல்லவே இல்லை. அது ஃபிலிமில் எடுத்த அசல் போட்டோ! இந்தக் கதை தெரிந்த நாளிலிருந்து எதிர்ப்படுகிறவர்களிடமெல்லாம் சொல்லிக்கொண்டிருக்கிறேன். இன்று உங்கள் முறை.

1996 ஜனவரி. கலிஃபோர்னியாவில் ஒரு வெள்ளிக்கிழமை பிற்பகல். சார்லஸ் ஓ'ரியர், நாபா பள்ளத்தாக்கில் இருக்கும் தன் வீட்டிலிருந்து வண்டியை எடுக்கிறார். நேஷனல் ஜியாகிரஃபிக் பத்திரிகைக்காக 25 வருடங்கள் படமெடுத்தவர். அன்றைக்கு எந்த வேலையாகவும் போகவில்லை. காதலியைப் பார்க்கப் போகிறார்! (பின்னாளில் அவரையே கல்யாணமும் செய்துகொண்டார்.) வழியில் சொனோமா பகுதி, நெடுஞ்சாலை 121. அந்த ஊருக்குக் குளிர்காலம்தான் மழைக்காலம். கோடையில் காய்ந்து பழுப்பேறிக் கிடக்கும் குன்றெல்லாம் ஜனவரியில் பச்சை கட்டும். அன்று மழை ஓய்ந்து, தூசியெல்லாம் அடங்கி, வானம் துடைத்துவிட்டாற்போல இருக்கிறது. சாலையோரம் அந்த மேடு!

இனிமேல்தான் எனக்குப் புல்லரித்த இடம். அது புல்மேடே இல்லை, திராட்சைத் தோட்டம்! 1990-களின் தொடக்கத்தில் ஃபிலோக்ஸெரா என்ற பூச்சி அந்தப் பக்கத்துத் தோட்டங்களில் புகுந்தது. நம் வயல்களில் தொல்லை தரும் அசுவினிக்குப் பங்காளி. கண்ணுக்குத் தெரிந்தும் தெரியாத அளவுதான், ஆனால் வேரில் ஒட்டிச் சாற்றை உறிஞ்சியே கொடியைக் கொன்றுவிடும். வேறு வழியில்லாமல் கொடிகளைப் பிடுங்கிப் போட்டார்கள். வெறும் நிலத்தில் புல் ஏறிக்கொண்டது. அந்தப் பூச்சி மட்டும் வராதிருந்தால், ஓ'ரியர் பார்த்திருக்கப்போவது வரிசை வரிசையாகக் கம்பியும் கொடியும்தான்!

வண்டியை ஓரங்கட்டினார். கையில் இருந்தது மாமியா ஆர்.இசட்.67. செங்கல் மாதிரி கனக்கிற கேமரா, இரண்டு கிலோவுக்கு மேல். சாதாரண 35 மி.மீ. ஃபிலிமைவிட நாலு மடங்குக்கும் அதிகமான பரப்பில் படம் விழும். அதனால்தான் புல்லின் ஒவ்வொரு மடிப்பும் அப்படித் தெரிகிறது. ஒரு ரோலுக்குப் பத்தே படம்; பார்த்துப் பார்த்துத்தான் அமுக்க வேண்டும். உள்ளே போட்டிருந்தது ஃபியூஜியின் வெல்வியா. பச்சையையும் நீலத்தையும் இன்னும் அழுத்தமாக்கித் தரும் என்பதாலேயே இயற்கைக் காட்சி எடுப்பவர்கள் கொண்டாடிய ஸ்லைடு ஃபிலிம் அது. வெளிச்சக் கணக்கில் கொஞ்சம் பிசகினாலும் மன்னிக்காது, வெள்ளையெல்லாம் வெளிறிப்போகும். அந்த மேகங்களை மறுபடி பாருங்கள், பஞ்சின் மடிப்புகள் அப்படியே நிற்கின்றன! கீழே புல்லின்மேல் மேக நிழல் படிந்திருப்பதையும் பாருங்கள். இன்னும் கொஞ்ச நேரத்தில் அந்த நிழல் நகர்ந்திருக்கும், படமும் வேறாகியிருக்கும்.

அதிர்ஷ்டம் என்பார்கள். பாதிதான் ஒப்புக்கொள்வேன். அன்று பிற்பகல் அந்தச் சாலையில் எத்தனையோ கார்கள் போயிருக்கும். காதலியைப் பார்க்கப் போகிற அவசரத்திலும் கேமராவை வண்டியில் வைத்திருந்தவர், நிறுத்தத் தோன்றியவர் இவர்.

பிறகு நடந்ததெல்லாம் ஜாலி! படம் கார்பிஸ் என்ற பட விற்பனை நிறுவனத்தின் சேகரிப்பில் இருந்தது. தொடங்கியவர் யார் தெரியுமா? பில் கேட்ஸ். மைக்ரோசாஃப்ட் மொத்த உரிமையையும் விலைபேசியது. தொகையை வெளியே சொல்லக்கூடாது என்று ஒப்பந்தம். ஆனால் மூல ஸ்லைடை அனுப்ப கூரியர்காரர்கள் மறுத்துவிட்டார்கள். அதன் மதிப்பு அவர்களுடைய காப்பீட்டு வரம்பைத் தாண்டிவிட்டதாம்! கடைசியில் மைக்ரோசாஃப்டே விமான டிக்கெட் போட்டுக் கொடுக்க, மனிதர் நேரில் கொண்டுபோய்ச் சேர்த்தார். அங்கிருந்த பொறியாளர்கள்கூட இது கம்ப்யூட்டரில் சரிக்கட்டிய படம் என்றுதான் நினைத்திருந்தார்களாம். படத்துக்கு 'ப்ளிஸ்' என்று பெயர் வைத்தார்கள். 2001 அக்டோபர் 25-ல் எக்ஸ்பி வெளியானது. நம்மூர்த் தெருமுனை வரைக்கும் அந்த மேடு வந்து சேர்ந்தது. நெதர்லாந்துப் பதிப்பில் மட்டும் அதற்கு 'அயர்லாந்து' என்று பெயர். கலிஃபோர்னியா மேட்டுக்கு!

2006-ல் இரண்டு கலைஞர்கள் அந்த இடத்தைத் தேடிப்போய்ப் படமெடுத்தார்கள். மேடு அப்படியே இருந்தது. அதன்மேல் மறுபடியும் திராட்சைக் கொடிகள் நட்டிருந்தார்கள்.