பருத்திக் கொட்டை: மாட்டுக்குத் தீவனம், கோழிக்கு விஷம்

செட்டியார்பட்டி, ராஜபாளையம், ஸ்ரீவில்லிபுத்தூர் வட்டாரங்களில் பருத்திக் கொட்டை பயன்படாத வீடு குறைவு. கறவை மாட்டுக்கு அரைத்து வைக்கிறார்கள். மனிதருக்குப் பருத்திப்பால் காய்ச்சுகிறார்கள். ஆனால் அதே கொட்டை கோழிக்கும் இளங்கன்றுக்கும் கெடுதல் செய்கிறது. காரணம் என்ன?

கொட்டையின் தோலை நீக்கிப் பருப்பை வெட்டினால் சிறு கரும்புள்ளிகள் தெரியும். இவை சுரப்பிகள். இவற்றில் 'காசிபோல்' என்ற மஞ்சள் நிற இரசாயனம் உள்ளது. இடம்விட்டு நகர முடியாத செடி, பூச்சிகளிடமிருந்து தப்பப் பரிணாமத்தில் பெற்ற ஆயுதம் இது. 1950-களில் அமெரிக்காவில் சுரப்பியற்ற பருத்தி உருவாக்கப்பட்டது. வழக்கமாகப் பருத்தியைத் தொடாத பூச்சிகளும் அதைத் தின்று சேதப்படுத்தின.

வளர்ந்த மாட்டின் அசைபோடும் வயிற்றில் காசிபோல் புரதங்களுடன் பிணைந்து பெருமளவு வீரியம் இழக்கிறது. இளங்கன்றுக்கு அந்த வயிறு இன்னும் வளர்ந்திருக்காது. கோழிக்கும் பன்றிக்கும் அது கிடையாது. அதனால் அவற்றின் இதயமும் வளர்ச்சியும் பாதிக்கப்படும். கோழி முட்டையின் மஞ்சள் கருவும் பச்சை கலந்த பழுப்பாக மாறும்.

மனிதனுக்கும் ஒற்றை வயிறுதான். சீனாவில் சுத்திகரிக்காத பருத்திக் கொட்டை எண்ணெயில் சமைத்த கிராமங்களில் குழந்தைப்பேறு குறைந்தது. இதைக் கண்ட விஞ்ஞானிகள், 1970-களில் காசிபோலை ஆண்களுக்கான கருத்தடை மருந்தாக 8,000-க்கும் மேற்பட்டோரிடம் சோதித்தனர். சிலருக்கு இரத்தத்தில் பொட்டாசியம் குறைந்தது; சிலருக்கு மருந்தை நிறுத்திய பின்னும் கருத்தரிக்கச் செய்யும் திறன் திரும்பவில்லை. 1998-ல் உலக சுகாதார நிறுவனத்தின் ஆய்வுக்குழு இம்முயற்சியைக் கைவிடப் பரிந்துரைத்தது.

பருத்திப்பாலைக் கண்டு அஞ்ச வேண்டியதில்லை. கொதிக்கும்போது காசிபோலில் ஒரு பகுதி புரதத்துடன் பிணைந்து வீரியம் குறைகிறது. முழுவதும் நீங்குவதில்லை என்பதால் அளவு தேவை. எண்ணெயைச் சுத்திகரிக்கும்போது காசிபோல் நீக்கப்படுகிறது.

அமெரிக்காவின் டெக்சாஸ் பல்கலைக்கழகமொன்றில் விஞ்ஞானி கீர்த்தி ரத்தோர் குழுவினர், விதையில் மட்டும் காசிபோல் குறைந்த பருத்தியை 2006-ல் அறிவித்தனர். இலையிலும் காயிலும் அது அப்படியே இருப்பதால் செடிக்குப் பாதுகாப்பு குறையாது. 2019-ல் அமெரிக்க உணவு மருந்து நிர்வாகம் இவ்விதையை உணவாகப் பயன்படுத்த அனுமதித்தது.

நம் பருத்திக் கொட்டை அத்தகையதல்ல. எனவே கவனிக்க வேண்டியவை:

1. இளங்கன்றுகளுக்கும் கோழிகளுக்கும் பருத்திக் கொட்டை வைக்க வேண்டாம்.
2. கறவை மாட்டுக்கும் மற்றத் தீவனங்களுடன் ஒரு பங்காகவே கலந்து வைக்கவும்.
3. பருத்திப்பாலை நன்கு கொதிக்கவிட்டே அருந்தவும்.
4. சுத்திகரிக்காத பருத்திக் கொட்டை எண்ணெயைச் சமையலுக்குப் பயன்படுத்தக் கூடாது.
5. விதைக்கென மருந்து கலந்த கொட்டையைத் தீவனத்திலும் உணவிலும் அறவே சேர்க்கக் கூடாது.