நிசானுக்கு ஏன் டாட்சன் தேவைப்பட்டது?

சென்ற வாரம் அம்பாசடர் பெயரைப் பார்த்தோம். 2017-இல் பெஜோ 80 கோடி ரூபாய் கொடுத்து அதை வாங்கியது. ஆனால் இந்தியாவுக்குள் வந்தபோது சிட்ரோயன் என்ற பெயரில்தான் வந்தது. நாடே நினைவில் வைத்திருக்கும் பெயர், ஆனால் அதற்கு வண்டி இல்லை. இந்த வாரக் கதை நேர் எதிர். வண்டி வந்தது, பெயர்தான் இங்கே யாருக்கும் தெரியவில்லை.

2012 மார்ச்சில் ஜகார்த்தாவில் நிசான் தலைவர் கார்லோஸ் கோன் அறிவித்தார்: டாட்சன் திரும்ப வருகிறது. இந்தோனேசியா, ரஷ்யா, இந்தியா, பிறகு தென்னாப்பிரிக்கா. எண்பதுகளில் நிசான் தானே கழற்றிப் போட்ட பெயர் அது. உலகமெங்கும் ஒரே பெயரில் விற்போம் என்று முடிவெடுத்து, அமெரிக்காவில் நன்றாக ஓடிக்கொண்டிருந்த டாட்சனையே கைவிட்டார்கள்.

மலேசியத் தமிழர்களிடம் 120ஒய் என்று சொன்னாலே போதும், அப்பா காலத்துக் கதை ஒன்று வரும். கொழும்பிலும் யாழ்ப்பாணத்திலும் டாட்சன் சன்னியை அறியாதவர் குறைவு. நமக்கோ அந்தக் காலத்தில் அம்பாசடர், பியட், ஸ்டாண்டர்ட் தவிர வேறு கதியில்லை. இறக்குமதிக்குக் கதவடைத்திருந்த நாட்டில் டாட்சன் யாருக்கு ஞாபகம் வரும்?

ஆக, பழைய பாசத்தை நம்பி இந்தப் பெயரை இங்கே கொண்டுவரவில்லை. மலிவு விலைக் காரில் நிசான் என்று எழுதினால் நிசானின் மதிப்பு இறங்கிவிடும் என்ற பயம்தான் காரணம் என்பேன். புதிதாக ஒரு பெயரை உருவாக்கி, பதிவு செய்து, விளம்பரம் கொடுத்துப் பிரபலமாக்கப் பெரும் செலவாகும். டாட்சனோ கையிருப்பில் சும்மா கிடந்தது. ஜப்பானிய வம்சாவளியும் இலவசம்.

2014 மார்ச்சில் டாட்சன் கோ விற்பனைக்கு வந்தது. டெல்லி ஷோரூம் விலை 3.12 லட்சத்தில் தொடங்கியது. ஒரகடத்தில் தயாரான வண்டி, அடித்தளம் நிசான் மைக்ராவுடையது. உள்ளே உட்கார்ந்தால் சிக்கனம் எங்கெங்கே நடந்திருக்கிறது என்று தெரியும். கியர் கம்பு டாஷ்போர்டிலிருந்து நீட்டிக்கொண்டிருக்கும். ஹேண்ட் பிரேக் பக்கத்திலேயே, இழுக்கும் பிடியாக. ஸ்டீரியோ இல்லை, செல்போனைச் செருகி வைக்க ஒரு தாங்கி மட்டும். இதில் தப்பொன்றும் இல்லை, நன்றாக யோசித்த சிக்கனம்தான். ஆனால் இந்த வண்டியை விற்றதே நிசான் ஷோரூம்களில்! பிரித்துக் காட்ட வேண்டிய சுவர் முகப்பு பேட்ஜோடு நின்றுவிட்டது.

அதே ஆண்டு நவம்பரில் குளோபல் என்கேப் மோதல் சோதனை. பெரியவர்களின் பாதுகாப்புக்குப் பூஜ்ஜிய நட்சத்திரம். உடற்கூடு அப்படி மடங்கியது, ஏர்பேக் வைத்தாலும் பயனிருக்காது என்றார்கள். குளோபல் என்கேப் அமைப்பின் தலைவர் மேக்ஸ் மோஸ்லி, விற்பனையை நிறுத்தச் சொல்லிக் கடிதம் எழுதியது நிசான் தலைவர் கோனுக்கு. எந்தப் பெயரைக் காப்பாற்ற டாட்சன் வந்ததோ, அதே பெயர்தான் செய்திகளில் அடிபட்டது.

ஒரு காரின் பெயருக்கு உண்மையில் என்ன மதிப்பு என்று அளக்க அந்தமானின் பெரார்கஞ்ச் நல்ல இடம். 1920-களில் அங்கே தலைமை ஆணையராக இருந்த மைக்கேல் பெராரின் பெயரைத் தாங்கிய ஊர். அங்கிருந்து அந்தமான் டிரங்க் ரோட்டில் வடக்கே போனால் ஜிர்காட்டாங் சோதனைச் சாவடி. அதற்கப்பால் ஜாரவா பழங்குடிக் காப்பகம். வண்டிகள் கான்வாயாகத்தான் போக வேண்டும், நடுவில் நிறுத்தக்கூடாது. அங்கே மக்கர் செய்கிற வண்டியை யார் வாங்குவார்கள்? பம்பரோ கிளட்ச் பிளேட்டோ, எதுவானாலும் கடல் தாண்டி வர வேண்டிய தீவில் பேச்சு இரண்டே விஷயத்தில் முடிந்துவிடும்: ஸ்பேர் வருமா, விற்கும்போது என்ன விலை போகும்? ஜப்பானில் இதற்குத் தாத்தா இருந்தார் என்பது எடுபடாது. கொஞ்சம் தள்ளிப் பார்த்தால் செங்கல்பட்டிலும் இதே கணக்குதான், கடல் மட்டும் இல்லை.

இந்தோனேசியாவிலும் ரஷ்யாவிலும் 2020-இலேயே டாட்சனுக்கு மூடுவிழா நடந்தது. இந்தியாவில் 2022 ஏப்ரலில் ஒரகடத்தில் டாட்சனின் இன்னொரு மாடலான ரெடி-கோவின் உற்பத்தி நின்றது. அப்போது ஏற்கெனவே வாங்கியவர்களுக்கு சர்வீஸ், உதிரி பாகம், வாரண்டி மூன்றும் தொடரும் என்று ஓர் உறுதிமொழி வந்தது. கொடுத்தது நிசான்.

(தொடரும்)