முதல்ல நிக்கணும் பாஸ்!

உங்க ஸ்விஃப்ட்டை ஸ்ரீபெரும்புதூர் பக்கம் இருங்காட்டுக்கோட்டை ரேஸ் டிராக்கில் ஒருநாள் விரட்டணும்னு ஆசையா? பவர் ஏத்துற பேச்சை அப்புறம் வெச்சுக்கலாம். முதல்ல பிரேக்!

ரோட்டில் எப்போதாவதுதான் அழுத்தி மிதிக்கிறோம். 3.7 கிலோமீட்டர் டிராக்கிலோ வளைவுக்கு வளைவு மிதி. சில சுற்றுகளிலேயே டிஸ்க் தகிக்கும். அந்தச் சூடு பிரேக் ஆயிலுக்கும் ஏறும். ஆயில்னு பேர்தான், அது எண்ணெயே இல்லை. காற்றின் ஈரத்தை உறிஞ்சுகிற திரவம். தர விதிப்படி புது டாட் 3 திரவம் 205 டிகிரி வரை கொதிக்காமல் தாங்கணும். ஈரம் ஏறிவிட்டால் அந்த வரம்பு 140-தான்! கொதித்தால் உள்ளே ஆவிக் குமிழ்கள். பெடல் பஞ்சு மாதிரி அமுங்கும், கார் நிக்காது.

ஸோ, போறதுக்கு முன்னாடி 230 டிகிரி தாங்கும் புது டாட் 4 மாத்திடுங்க. காசும் பெரிசா ஆகாது. அப்புறம், சூடு தாங்குற பேட். முழு ரேஸ் பேட் மட்டும் வேண்டாம். சூடேறாமல் அது பிடிக்காது; மறுநாள் காலேஜ் போற வழியில் முதல் சிக்னல்லயே நெஞ்சு பதறும்.

சஸ்பென்ஷன்? ஸ்பிரிங்கை வெட்டி காரை இறக்கித் தர்றேன்னு சொல்ற அண்ணன்கிட்ட ஒரு கும்பிடு போட்டுட்டு வந்துடுங்க. ஸ்பிரிங் மட்டும் விறைப்பானால் பழைய ஷாக் அப்சார்பர் அதை அடக்காது. கார் துள்ளும், டயர் தரையை விடும். பட்ஜெட் இடிக்குதா? கசியுற ஷாக் அப்சார்பர்களை ஜோடியா மாத்தி, அலைன்மென்ட் பார்த்தாலே போதும்.

கடைசிச் சுற்றை மெதுவா ஓட்டி பிரேக்கை ஆறவிடுங்க. நிறுத்தினதும் ஹேண்ட்பிரேக்கை இழுக்காதீங்க, கியரில் விடுங்க.