வண்டியை நிறுத்துவது டயர்தான்

மேட்டுப்பாளையத்தில் ஊட்டி ரோட்டோரம் ஒர்க்‌ஷாப் வைத்திருக்கிறேன். விடுமுறை முடியும் சாயங்காலங்களில் மலையிறங்கி வரும் வண்டிகளில் சில கருகல் நெடியோடு வந்து வாசலில் நிற்கும். பெரும்பாலும் ஏழு பேர் உட்காரும் எஸ்யூவி. மேலே கேரியர் நிறையப் பெட்டிகள், உள்ளே தாத்தா பாட்டி முதல் கைக்குழந்தை வரை. முன்சக்கரத்துக்குப் பக்கத்தில் கையைக் கொண்டுபோனாலே அனல் அடிக்கும். ஓட்டி வந்தவர் சொல்வது அநேகமாக இதுவாகத்தான் இருக்கும்: "குன்னூர்ல நல்லாத்தான் பிடிச்சுதுங்ணா. பர்லியாறு தாண்டுனதும் பெடல் அப்படியே உள்ள போகுதுங்க."

கழற்றிப் பார்த்தால் பெரும்பாலும் எதுவும் உடைந்திருக்காது. பிரேக் அளவுக்கு மீறிச் சூடாகியிருக்கும், அவ்வளவுதான். அந்தச் சூடு எங்கிருந்து வருகிறது என்று புரிந்துவிட்டால் பிரேக் பராமரிப்பில் பாதி புரிந்த மாதிரி.

குன்னூர் கடல் மட்டத்திலிருந்து சுமார் 1,850 மீட்டர் உயரம். மேட்டுப்பாளையம் 325 மீட்டர் அளவுதான். ஆட்களும் சாமான்களும் சேர்ந்து இரண்டு டன் எடையுள்ள வண்டி இந்த 1,500 மீட்டரை இறங்கும்போது வெளிப்படும் ஆற்றல், 90 லிட்டர் பச்சைத் தண்ணீரைக் கொதிக்கவைக்கப் போதும். அதில் ஒரு பங்கைக் காற்றும் சாலையும் வாங்கிக்கொள்ளும். மீதியை எஞ்சின் தாங்க வேண்டும், இல்லையென்றால் பிரேக் தாங்க வேண்டும். நியூட்ரலிலோ டாப் கியரிலோ இறங்கினால் பாரம் முழுக்கப் பிரேக்கின் தலையில் விழும். இரண்டாவது, மூன்றாவது கியரில் இறங்கினால் எஞ்சினே வண்டியை இழுத்துப் பிடிக்கும். ஆட்டோமேட்டிக் வண்டியிலும் எல் அல்லது மேனுவல் மோடு இருக்கும். அது இப்படிப்பட்ட இறக்கத்துக்குத்தான். டீசல் மிச்சமாகும் என்று எஞ்சினை அணைத்துவிட்டு இறங்குவது உயிரோடு விளையாடுவது. எஞ்சின் நின்றால் பிரேக் பூஸ்டரின் உதவி போய்விடும். பெடல் கல்லாகிவிடும், ஸ்டீயரிங்கும் கனத்துவிடும்.

பெடல் உள்ளே போவதற்குக் காரணம் பிரேக் ஆயில். நம் வண்டிகளில் ஊற்றும் டாட் 3, டாட் 4 ஆயிலுக்குக் காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சும் குணம் உண்டு. புதிய டாட் 4 ஆயில் குறைந்தது 230 டிகிரி செல்சியஸ் வரை கொதிக்காது. ஈரம் ஏறிய பிறகு அந்த வரம்பு 155 டிகிரிக்கு இறங்கிவிடலாம். மலை இறக்கத்தில் அந்தச் சூட்டை எட்டுவது பெரிய விஷயமில்லை. ஆயில் கொதித்தால் குழாய்க்குள் ஆவிக் குமிழி உண்டாகும். நாம் மிதிக்கும் மிதி அந்தக் குமிழியை நசுக்குவதிலேயே தீர்ந்துபோகும். சக்கரத்துக்குப் போய்ச் சேராது. வண்டி ஆறியதும் பெடல் பழையபடி நிற்கும். அதை நம்பி அடுத்த பயணம் கிளம்பக் கூடாது. இரண்டு வருடத்துக்கு ஒருமுறை ஆயிலை முழுக்க மாற்றிவிடுங்கள். குறைந்த அளவுக்கு மேலே ஊற்றி நிரப்புவது மாற்றியதாகாது.

இறக்கத்தில் பெடல் தளர்ந்தால் பதறாமல் திரும்பத் திரும்ப வேகமாக மிதியுங்கள். கியரை ஒவ்வொன்றாகக் குறையுங்கள். ஹேண்ட் பிரேக்கைச் சிறிது சிறிதாகத் தூக்குங்கள். வண்டி நின்றபின் அரைமணி நேரமாவது ஆறவிடுங்கள். சூடான டிஸ்க்கில் தண்ணீர் ஊற்றவே ஊற்றாதீர்கள். வளைந்துபோகும், விரிசலும் விடும்.

கண்ணுக்குத் தெரியாத பேட்

"பேடெல்லாம் நல்லா இருக்குங்க, வீல் வழியாவே பாத்தேன்" என்பார்கள். அலாய் வீலின் இடைவெளியில் தெரிவது வெளிப் பக்கத்துப் பேட் மட்டும்தான். சக்கரத்தைக் கழற்றி, கேலிப்பரைத் தூக்கி, உள் பக்கத்துப் பேடை எடுத்துக் கையில் வைத்துக் காட்டுவேன். வெளிப் பேடில் ஏழு மில்லிமீட்டர் இருக்கும். உள் பேடிலோ ஒரு முனை இரும்புத் தகடு வரைக்கும் போயிருக்கும். கேலிப்பர் பின்னில் கிரீஸ் காய்ந்து, துரு ஏறி, கேலிப்பர் நகர முடியாமல் இறுகியிருக்கும். ஒரு பேடே எல்லா வேலையும் செய்திருக்கிறது என்று அர்த்தம். அந்தப் பின்னைத் துடைத்து, அதற்கான கிரீஸைப் பூசுவது சில நிமிட வேலை. அதைச் செய்யாமல் புதுப் பேடை மட்டும் மாட்டினால் அதுவும் அதே மாதிரிதான் தேயும்.

புதுப் பேடின் கனம் பத்துப் பன்னிரண்டு மில்லிமீட்டர் இருக்கும். மூன்றுக்கு வந்தால் மாற்றிவிடுங்கள். ஒரே பக்கம் மட்டும் மாற்றாமல் இரண்டு முன்சக்கரங்களுக்கும் ஜோடியாக மாற்ற வேண்டும். டிஸ்க் எவ்வளவு வரை தேயலாம் என்பதை அதன் மேலேயே பொறித்திருப்பார்கள். அதற்குக் கீழே போனதை லேத்தில் கொடுத்து ஓட்டப் பார்க்காதீர்கள். பல எஸ்யூவிகளில் பின்பக்கம் டிரம் பிரேக். மூடியிருப்பதால் வருடக்கணக்கில் யாரும் திறந்து பார்ப்பதில்லை. வருடம் ஒருமுறை திறந்து லைனிங் தேய்மானத்தையும் வீல் சிலிண்டரில் ஆயில் கசிகிறதா என்பதையும் பார்க்கச் சொல்லுங்கள்.

உள்ளங்கையளவு ரப்பர்

இவ்வளவு செய்தும் வண்டி நிற்குமா என்றால், அதை முடிவு செய்வது டயர். பிரேக் நிறுத்துவது சக்கரத்தை. வண்டியை நிறுத்துவது டயருக்கும் தாருக்கும் இடையிலுள்ள பிடிப்பு. ஒவ்வொரு டயரும் சாலையைத் தொடுவது ஏறக்குறைய ஓர் உள்ளங்கையளவு இடத்தில்தான். 2019 ஏப்ரலிலிருந்து விற்பனைக்கு வரும் எல்லாப் புதுக் கார்களிலும் ஏபிஎஸ் கட்டாயம். அது சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் காக்கும், இல்லாத பிடிப்பை உண்டாக்காது.

டயர் மாற்றப் போகும் முன் பழைய டயரின் பக்கவாட்டை உட்கார்ந்து படியுங்கள். 235/65 ஆர்17 104எச் என்று இருந்தால், அகலம் 235 மில்லிமீட்டர், பக்கச் சுவரின் உயரம் அகலத்தில் 65 சதவீதம், ரிம் 17 அங்குலம். 104 என்பது சுமைக் குறியீடு. அந்த ஒரு டயர் 900 கிலோ தாங்கும். எச் என்றால் மணிக்கு 210 கிலோமீட்டர் வரை. குடும்ப வண்டிக்கு இதில் மிக முக்கியம் அந்த 104. விலை குறைவு என்று அதைவிடச் சிறிய எண்ணுள்ள டயரை வாங்கினால், ஏழு பேரும் ஏறி கேரியரும் நிறைந்த அன்று டயர் திணறும். கம்பீரமாக இருக்கும் என்று பெரிய டயர் போட்டாலும் தொல்லைதான். விட்டம் கூடினால் ஸ்பீடோமீட்டர் உண்மையைவிடக் குறைவாகக் காட்டும், பிரேக்குக்கும் வேலை கூடும்.

அதே பக்கவாட்டில் நான்கு இலக்கம் ஒரு சிறு கட்டத்துக்குள் இருக்கும். 2324 என்றால் 2024ஆம் வருடத்தின் 23ஆவது வாரம் செய்தது. வாங்கும்போது இதைப் பார்க்காமல் பணம் கொடுக்காதீர்கள். ஐஎஸ்ஐ முத்திரையையும் பாருங்கள். அதிகம் ஓடாமல் போர்ட்டிகோவில் நிற்கும் வண்டிகளில் பட்டன் புதுசு போலவே இருக்கும், ரப்பர் மட்டும் இறுகிப்போயிருக்கும். ஐந்து வருடம் தாண்டிய டயரை வருடந்தோறும் காட்டிப் பரிசோதியுங்கள். பக்கவாட்டில் மயிரிழை போல வெடிப்புகள் தெரிந்தால் மாற்றிவிடுங்கள்.

எஸ்யூவி என்பதாலேயே பலர் கரடுமுரடான ஏ/டி டயர் கேட்கிறார்கள். தோட்டத்து மண் பாதையில் தினமும் போகிறவருக்கு அது சரி. பள்ளிக்கூடம், ஆபீஸ், வருடத்தில் சில மலைப்பயணம் என்றிருப்பவருக்கு தார்ச்சாலைக்கென்றே செய்த எச்/டி டயரே நல்லது. ஈரத் தார்ச்சாலையில் நன்றாகப் பிடிக்கும், சத்தமும் குறைவு.

சட்டப்படி பட்டன் ஆழம் 1.6 மில்லிமீட்டருக்குக் கீழே போகக் கூடாது. பள்ளங்களுக்குள் தெரியும் சிறு மேடுகள் அந்த அளவைக் காட்டும். ஐப்பசி மழையில் குன்னூர் ரோட்டை ஏறி இறங்கும் வண்டிக்கு அது போதாது; மூன்று மில்லிமீட்டரிலேயே மாற்றச் சொல்வேன். இரண்டு டயர்தான் வாங்க முடியும் என்றால் புதியதைப் பின்னால் போடுங்கள். ஈர வளைவில் பின்பக்கம் வழுக்கினால் வண்டி சுழன்றுவிடும், சாதாரண ஓட்டுநரால் மீட்க முடியாது. நான்கு சக்கரமும் இழுக்கும் வண்டி என்றால் நான்கையும் சேர்த்து மாற்றுவதே முறை. காற்றழுத்தம் எவ்வளவு என்பது டிரைவர் கதவுத் தூணில் ஒட்டியிருக்கும். முழுப் பாரத்துக்கு அதில் தனி அளவு உண்டு. டயர் குளிர்ந்திருக்கும்போது பார்த்து அடியுங்கள். ஸ்டெப்னிக்கும் சேர்த்து.

ஒரே ஒரு வேண்டுகோள். பிரேக், டயர் வேலையை ஊருக்குக் கிளம்புகிற முந்தின நாளுக்குத் தள்ளாதீர்கள். புதுப் பேட் டிஸ்க்கோடு பொருந்தவும், புது டயரின் வழுவழுப்புத் தேயவும் முதல் 300 கிலோமீட்டராவது நிதானமாக ஓட வேண்டும். பயணத்துக்கு இரண்டு வாரம் முன்பே வண்டியை விடுங்கள். கழற்றும்போது பக்கத்தில் நின்று உள் பேடைக் காட்டச் சொல்லிக் கேளுங்கள். காட்டத் தயங்குகிற இடத்தில் உங்கள் குடும்பம் போகும் வண்டியைக் கொடுக்காதீர்கள்.