பெயரில் போனது, ஊரில் நின்றது

வடக்கன்குளத்தில் 1745 மே 14 அன்று ஞானஸ்நானம் பெற்றவர் நட்டாலத்து நீலகண்டன். திருவிதாங்கூர் அரண்மனை அதிகாரி. குளச்சல் போரில் பிடிபட்டு, பிறகு மார்த்தாண்ட வர்மாவின் படைக்கே தளபதியான டச்சுக் கம்பெனி அதிகாரி டிலனாயிடம் இயேசுவைப் பற்றிக் கேட்டறிந்தவர். தேவசகாயம் என்ற பெயரோடு ஊர் திரும்பினார்.

சாதியால் கைகட்டி நிற்க வேண்டியவர்களோடு ஓர் அதிகாரி சமமாகக் கலந்து பழகினால் அரண்மனைக்கு எப்படி இருக்கும்? 1749இல் கைது செய்தார்கள். எருக்கம்பூ மாலை போட்டு, எருமை மேல் பின்புறம் பார்க்க உட்காரவைத்து, ஊர் ஊராகக் கொண்டுபோனார்கள். 1752 ஜனவரி 14 அன்று ஆரல்வாய்மொழி காற்றாடிமலையில் சுட்டுக் கொன்றார்கள். காரணம் மதம் அல்ல, ராஜதுரோகம் என்று மறுப்பவர்களும் உண்டு. அந்த வழக்கு தீராது. சமமாக உட்கார்ந்து பழகுவதே அன்றைக்கு ராஜதுரோகம்தான் என்பது என் கட்சி.

இதுவரை எல்லோரும் சொல்லும் கதை. அரசன் ஒருபக்கம், விசுவாசி மறுபக்கம். சங்கடம் இதற்குப் பிறகுதான் வருகிறது.

அவர் ஞானஸ்நானம் பெற்ற அதே வடக்கன்குளத்தில், 1870களில் ஒரு பெரிய கோயில் எழும்பியது. பீடம் ஒன்று, அதிலிருந்து இரண்டு கைகளாகப் பிரியும் மண்டபம். ஒன்றில் வெள்ளாளர், முதலியார். மற்றதில் நாடாரும் பிறரும். பூசை வைக்கும் சாமியார் இரண்டு பக்கத்துக்கும் தெரிவார், ஒரு பக்கத்தார் கண்ணுக்கு மறுபக்கத்தார் தெரியமாட்டார்கள். இதற்கு ‘ட்ரவுசர் சர்ச்’ என்றே பெயர் வந்தது. 1910இல் இயேசு சபைச் சாமியார்கள் தடுப்பை இடித்தபோது மேல்சாதிக் கிறிஸ்தவர்கள் கோர்ட்டுக்குப் போனார்கள். தனி இடம் எங்கள் உரிமை என்ற அவர்கள் வாதத்தைச் சென்னை உயர் நீதிமன்றம் ஏற்கவில்லை. எந்த அரண்மனையும் அந்தச் சுவரைக் கட்டச் சொல்லவில்லை என்பதை மறந்துவிடக் கூடாது.

2012இல் நாகர்கோவிலில் தேவசகாயத்துக்கு அருளாளர் பட்டம் வழங்கியபோது அவர் பெயர் ‘தேவசகாயம் பிள்ளை’. ஓய்வுபெற்ற ஐ.ஏ.எஸ். அதிகாரி எம்.ஜி. தேவசகாயம் போன்றவர்கள் வத்திக்கானுக்கு எழுதினார்கள்: சாதியை விட்டவர் பெயரில் சாதி எதற்கு? 2022 மே 15 அன்று ரோமில் போப் பிரான்சிஸ் புனிதர் பட்டம் வழங்கியபோது ‘பிள்ளை’ இல்லை. அதே ஆண்டு ஆகஸ்டில் ஐதராபாத் பேராயர் அந்தோணி பூலா முதல் தலித் கர்தினால் ஆனார். நிஜமான மாற்றம்தான். ஆனால் அதே ஆண்டிலேயே, புதுவை–கடலூர் பேராயராகத் தலித் அல்லாத ஒருவரை நியமித்ததைத் தலித் கிறிஸ்தவர்கள் எதிர்த்தார்கள். சமமாக உட்காரக் கூடாதா என்று அன்று மன்னனைப் பார்த்துக் கேட்க வேண்டியிருந்த கேள்வியை இன்று ஆயர் இல்லத்தைப் பார்த்துக் கேட்கிறார்கள். திருச்சபைக்குள் தீண்டாமை உண்டு என்று இந்தியக் கத்தோலிக்க ஆயர்களே 2016இல் ஏட்டில் ஒப்புக்கொண்டிருக்கிறார்கள். அரசாங்கமோ 1950 குடியரசுத் தலைவர் ஆணையைக் காட்டி, கிறிஸ்தவருக்குப் பட்டியல் சாதிச் சான்று கிடையாது என்கிறது. சர்க்கார் காகிதத்தில் இல்லாத சாதி, பல ஊர்க் கல்லறைத் தோட்டத்தில் இருக்கிறது.

எங்கள் பக்கம் வேறு மாதிரி. பாரூர், போச்சம்பள்ளி, ஓசூர் எல்லாம் 1997இல் உருவான தருமபுரி மறைமாவட்டத்தைச் சேர்ந்தவை. சிப்காட் கம்பெனி வேலைக்கு நெல்லையிலிருந்தும் குமரியிலிருந்தும் வந்தவர்கள், எல்லை தாண்டி வந்த கன்னடக்காரர்கள், தெலுங்கு பேசும் உள்ளூர்க்காரர்கள் என்று ஒரே பூசைக்குக் கூடுகிறார்கள். நைட் ஷிப்ட் முடிந்து யூனிபாரத்தோடே வந்து, கிடைத்த நாற்காலியில் உட்காருகிறவனிடம் நீ எந்தத் தெரு என்று யாரும் கேட்பதில்லை. வாடகை வீட்டு ஊரில் தெருவுக்குச் சாதி ஒட்ட நேரம் ஆகும். வடக்கன்குளம் சுவரை இடித்துச் சாதித்ததில் பாதியை இங்கே பஞ்சம் பிழைக்க வந்த கூட்டமே செய்துவிட்டது.

மகளுக்கு வரன் பார்க்க ஆரம்பித்தால் மட்டும் ஓசூரிலிருந்து ஊருக்கு போன் போகிறது. ஞாயிற்றுக்கிழமைப் பத்திரிகையில் ‘ஆர்.சி.’ என்று போட்டு, பக்கத்திலேயே சாதியையும் போடுகிறார்கள்.