விரிவுரையை மாணவர் அளத்தல் தகுமோ?

நமது கல்லூரியின் இவ்விழா மலரைக் கையிலேந்தும் பழைய மாணவருள் வைத்தியராய் விளங்குவோர் பலர். அவர்தம் மக்களுள் வைத்திய மாணவராய் இருப்போரும் பலர். ஆதலின், அத்துறைக் கல்வியைப் பற்றிய வினாவொன்றை ஈண்டு ஆராய்தல் பொருத்தமாகும். இக்காலத்துப் பல்கலைக்கழகங்கள் பலவற்றில் ஒரு பாடத்தொடர் முடிந்ததும் மாணவர் கையில் வினாக்கொத்தொன்று கொடுக்கப்படுகின்றது. விரிவுரை எத்தகையது என்பதற்கு அவர்கள் புள்ளியிடுகின்றனர். கற்பவன் கற்பித்தவரை அளப்பதா, இது குருநிந்தையன்றோ என முதியோர் சிலர் முகஞ் சுளிக்கின்றனர். இளையோர் சிலரோ அப்புள்ளியே முடிந்த முடிபு என்கின்றனர். இவ்விரண்டும் பொருந்தா என்பதே நமது துணிபு.

ஆசிரியரை அளத்தல் தமிழர்க்குப் புதிதன்று. 13ஆம் நூற்றாண்டிற் பவணந்தி முனிவர் இயற்றிய நன்னூலின் பொதுப்பாயிரம், நல்லாசிரியர் இலக்கணத்தைக் கூறியதோடமையாது, ஆசிரியராகாதாரையும் நான்கு உவமைகளால் விளக்குகின்றது. முதலாவது கழற்குடம். குடத்திலிட்ட கழற்காய்கள் இட்ட முறையில் வெளிவாரா; அவ்வாறே கற்ற முறை பிறழக் கூறுவோர் உளர். இரண்டாவது மடற்பனை. அதனை அணுகிப் பறித்தல் அரிது. தானாக விழும் பழத்தையே பொறுக்கலாம். மூன்றாவது பருத்திக் குண்டிகை. உள்ளே நிறைய உண்டு. எனினும் சிறிது சிறிதாக, வருந்தியே எடுத்தல் வேண்டும். நான்காவது முடத்தெங்கு. நீர் வார்ப்பவன் ஒருவன். காய் வீழ்வது அயலான் வளவில்.

நாம் வைத்திய மாணவர்க்கு விரிவுரை செய்த ஆண்டுகளிற் கேட்ட குறைகளுட் பெரும்பாலன இந்நான்கினுள் அடங்கும். படத்தின்மேற் படமாகத் திரையில் ஓடவிட்டு, ஈரலிலிருந்து இருதயத்துக்கும் இருதயத்திலிருந்து ஈரலுக்கும் தாவுபவர் கழற்குடம். ஐயம் வினவிய மாணவனை நூறு பேர் நடுவே நாணச் செய்பவர் மடற்பனை. தம் துறையிற் பேரறிஞராயிருந்தும், திரையில் எழுதியதையே திரையைப் பார்த்து வாசிப்பவர் பருத்திக் குண்டிகை. மண்டபம் முழுவதும் செவிசாய்த்திருக்க, முன்வரிசையினரை மாத்திரம் நோக்கிப் பேசுபவர் முடத்தெங்கு.

இவற்றுள் அடங்காத குறையொன்றும் நம் நாட்டில் உண்டு. அது மொழி பற்றியது. உயர்தர வகுப்புவரை தாய்மொழியிற் கற்றவரே நம் வைத்திய மாணவருட் பெரும்பாலோர். அவர்கள் பீடத்தினுட் புகுந்ததும் ஆங்கில விரிவுரையைக் கேட்டு, விளங்கி, எழுதிக்கொள்ளவும் வேண்டியவராகின்றனர். 1847ஆம் ஆண்டு யாழ்ப்பாணம் வந்த வைத்தியர் சாமுவேல் கிறீன் இவ்விடரை நன்குணர்ந்தவர். மானிப்பாயில் ஆங்கிலத்திற் கற்பிக்கத் தொடங்கிய அவர், 1860களில் தமிழிலேயே வைத்தியங் கற்பித்தார். 1872ஆம் ஆண்டில் வெளிவந்த மனுஷ அங்காதிபாதம் முதலிய நூல்களையும் தமிழில் ஆக்குவித்தார். 1870ஆம் ஆண்டிற் கொழும்பில் தொடங்கிய வைத்தியக் கல்லூரியும், 1978ஆம் ஆண்டில் யாழ்ப்பாணத்தில் தொடங்கிய வைத்திய பீடமும் ஆங்கில வழியையே மேற்கொண்டன. அதன் பயன்களை நாம் மறுக்கவில்லை. ஆயின், விரிவுரையாளர் வேகமாகப் பேசுகின்றார் என மாணவன் முறையிடும்போது, அவன் சோம்பலைக் குறை கூறுமுன் இதனையும் நினைத்தல் வேண்டும்.

இனி, இம்மதிப்பீட்டை எவ்வளவு நம்பலாம் என்பதைப் பார்ப்போம். 1970ஆம் ஆண்டில் அமெரிக்காவில் ஒரு சோதனை நிகழ்ந்தது. மைக்கேல் பொக்ஸ் என்னும் நடிகரை ஒரு பேரறிஞர் என அறிமுகஞ் செய்து, மருத்துவக் கல்வி பற்றிப் பேசவிட்டனர். அவர் பேச்சில் முன்பின் முரணும், பொருளற்ற சொல்லும், நகைச்சுவையும் நிறைந்திருந்தன; பொருள் மாத்திரம் இல்லை. கேட்டவரோ உளநோய் வைத்தியரும் உளவியலாளரும் போன்ற கற்றோர். எனினும் அவருட் பெரும்பாலோர் அவ்விரிவுரையை நன்றென்றே மதித்தனர். இச்செய்தி 1973ஆம் ஆண்டில் வெளியாயிற்று. முதிர்ந்தோரே இவ்வாறு மயங்கின், மாணவர் மயங்குதல் வியப்பன்று.

மறுதலையான மயக்கமும் உண்டு. 2019ஆம் ஆண்டில் வெளியான ஹாவாட் பல்கலைக்கழக ஆய்வொன்றில், பௌதிக மாணவர் ஒரு சாரார் தேர்ந்த விரிவுரையைக் கேட்டனர். மறு சாரார் அதே பாடத்தைத் தாமே கணக்கிட்டும் கலந்துரையாடியும் கற்றனர். விரிவுரை கேட்டவரே தாம் மிகுதியாகக் கற்றதாக எண்ணினர். பரீட்சையில் மேம்பட்டவரோ மற்றையோர். இனிதாகக் கேட்டது கற்றதாகத் தோன்றுகின்றது; வருந்திக் கற்றது கல்லாததாகத் தோன்றுகின்றது.

இதற்கு நம் அநுபவமும் சான்றாகும். வயிற்றோட்டத்தால் உடல்நீர் இழந்த குழந்தையைப் பற்றி நாம் ஆண்டுதோறும் விரிவுரை செய்து வந்தோம். மாணவர் நல்ல புள்ளியே இட்டனர். ஓராண்டு ஒரு தாளில் மாத்திரம், “விரிவுரை இனிமை. ஆனால், சேர், எழுதுவதற்கே நேரம் போய்விட்டது, படத்தைப் பார்க்கக் கிடைக்கவில்லை” என்றிருந்தது. அதனைப் பொருட்படுத்தாது மேசை லாச்சியில் இட்டுவிட்டோம். சில கிழமைகளின் பின் குழந்தைகள் வாட்டில், அத்தகைய குழந்தையொன்றின் அருகே ஒரு மாணவனை வினவினோம். குழிவிழுந்த கண், சோர்வு, கிள்ளிவிட்ட தோல் மெல்லத் திரும்புதல் என அறிகுறிகளை வரிசை தப்பாது ஒப்புவித்தான். தோலைச் சோதித்துக் காட்டு என்றதும், குழந்தையின் புறங்கையைக் கிள்ளினான். வயிற்றுத் தோலையன்றோ கிள்ளிப் பார்த்தல் வேண்டும்! நமது படத்தில் அது தெளிவாக இருந்தது. பார்க்க நாம் விடவில்லை. தாய் நம் இருவர் முகத்தையும் மாறி மாறி நோக்கினாள். அன்று மாலை அத்தாளைத் தேடியெடுத்து மீண்டும் வாசித்தோம்.

அடுத்த ஆண்டு படங்களைப் பாதியாகக் குறைத்தோம். இடையிடையே நிறுத்தி வினவினோம். கைகளாற் செய்து காட்டச் சொன்னோம். மாணவர் இட்ட புள்ளி சற்றே குறைந்தது. வாட்டிலே அவர்கள் கை சென்ற இடமோ பிழைக்கவில்லை.

ஆகவே மாணவர் கருத்தைத் தள்ளுவதோ, அதனையே தீர்ப்பாகக் கொள்வதோ முறையன்று. நோயாளி தன் நோவைச் சொல்லும்போது வைத்தியர் என் செய்கின்றார்? எங்கே நோகின்றது என்பதை அவனையன்றி அறிவார் இலர். ஆதலால் செவிசாய்த்துக் கேட்கின்றார். நோய் இன்னதென்று துணிவதோ அவர் கடன். மாணவனும் அத்தகையவனே. குரல் கேட்டதா, எழுத்துத் தெரிந்ததா, முறை விளங்கிற்றா, ஐயம் வினவ இடமிருந்ததா என்பவற்றுக்கு அவனே தக்க சான்று. கூறிய பொருள் சரியானதா, போதியதா என்பதைத் துறையறிஞர் கூறல் வேண்டும். கற்றது நிலைத்ததா என்பதை நோயாளியின் கட்டிலருகே காணல் வேண்டும். மூன்றையும் சேர்த்தே அளவு கொள்ளல் நலம்.

நம் கல்லூரியில் நமக்குக் கற்பித்த ஆசிரியர்க்கு நாம் புள்ளி இட்டதில்லை. ஆயினும், கரும்பலகையிலிருந்து திரும்பி, பின்வாங்கிலிருந்த நம் முகத்தை நோக்கி, விளங்காததை வாய்திறந்து சொல்லாத போதும் அறிந்து மீண்டும் தொடங்கிய ஆசிரியரை இன்றும் மறந்தோமல்லேம். மாணவன் முகமே அவர்களுக்கு வினாக்கொத்தாயிருந்தது. மண்டபம் பெருகி முகம் மறைந்துபோன இந்நாளில், அம்முகத்துக்கு ஈடாக வந்ததே இத்தாள். அதனை வாசிக்கும் பொறுமை, கற்பிக்கும் பழைய மாணவர் அனைவர்க்கும் உண்டாவதாக.